‘இன்’னா, ‘ஆன்’னா, ‘அட்’டா: ப்ரெபொசிஷனை எதை வைத்து முடிவு செய்வது?

ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதிக்கொண்டே வருகிறோம், சொற்கள் எல்லாம் சரளமாக வந்து விழுகின்றன, திடீரென்று இரண்டு மூன்று எழுத்துள்ள ஒரு குட்டிச் சொல் வரவேண்டிய இடத்தில் கை அப்படியே நின்றுவிடுகிறது. ‘டு’ போடுவதா, ‘ஃபார்’ போடுவதா? ஒன்றுமே போடாமல் விடுவதா? பெரிய பெரிய சொற்களுக்கெல்லாம் வராத தயக்கம் இந்த ப்ரெபொசிஷனுக்கு மட்டும் வருகிறது. இதைப் படிக்கிற பெரும்பாலானவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தத் தயக்கமான நொடியில் நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. தமிழில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்து, உருபை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றலாம். பள்ளியில் படித்த விதியை நினைவுக்குக் கொண்டுவரலாம். பக்கத்தில் நிற்கிற சொல் எதோடு சேரும் என்று பார்க்கலாம். அகராதியிலோ இணையத்திலோ தேடிவிடலாம். நான் நான்கையுமே பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன், கூட வேலை செய்கிறவர்கள் எழுதுகிற ஆங்கிலத்தையும் திருத்திக் கொடுத்து வருகிறேன். நான்கும் ஒரே தரம் கிடையாது. எது எங்கே கைகொடுக்கும், எது எங்கே காலை வாரும் என்பதைப் பார்த்துவிடலாம்.

முதலில் தமிழ் வழி. எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ இங்கேதான் ஆரம்பிக்கிறோம், அதில் தப்பும் இல்லை. தமிழில் இந்த வேலையைச் செய்வது வேற்றுமை உருபுகள். அவை பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும், அதனால்தான் அதற்கு முன்னிடைச்சொல் என்று பெயர் வைத்தார்கள். முன்னே பின்னே என்கிற இடமாற்றம் யாரையும் குழப்புவதில்லை. குழப்புவது என்னவென்றால், நம் உருபு ஒன்று, அங்கே அதற்கு ஈடாக நாலைந்து.

‘இல்’ என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருக்கிறது என்றால் ‘இன் த பாக்ஸ்’. மேசையில் இருக்கிறது என்றால் ‘ஆன் த டேபிள்’. வாசலில் நிற்கிறார் என்றால் ‘அட் த டோர்’. பஸ்ஸில் வந்தேன் என்றால் ‘பை பஸ்’. நம் காதுக்கு நான்கும் ஒரே ‘இல்’தான், அதனால் எது தோன்றுகிறதோ அதைப் போட்டுவிடுகிறோம், பெரும்பாலும் ‘இன்’ தோன்றும். ‘கு’ இன்னும் மோசம். கேள்விக்குப் பதில் ‘ஆன்சர் டு’, தலைவலிக்கு மருந்து ‘மெடிசின் ஃபார்’, ஐந்து மணிக்கு ‘அட் ஃபைவ்’. வீட்டுக்குப் போ என்றால் ‘கோ ஹோம்’, அங்கே எதுவுமே கிடையாது. ‘தாமதத்துக்குக் காரணம்’ என்று தமிழில் ஒரே மாதிரிதான் சொல்கிறோம், ஆங்கிலத்தில் காரணம் என்பதற்கு ‘ரீசன்’ என்ற சொல்லை எடுத்தால் ‘ரீசன் ஃபார் த டிலே’, ‘காஸ்’ என்ற சொல்லை எடுத்தால் ‘காஸ் ஆஃப் த டிலே’. பொருள் மாறவில்லை, வாக்கியம் மாறவில்லை, பக்கத்துச் சொல் மாறியதுமே ப்ரெபொசிஷன் மாறிவிட்டது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இங்கேதான் திரும்பி வரப்போகிறோம்.

அப்படியானால் தமிழ் வழியைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், கூடாது. இரண்டு இடங்களில் எந்த இலக்கணப் புத்தகத்தையும் விட நம் தமிழ் காது துல்லியமாக வழிகாட்டும். ஒன்று, ‘சின்ஸ்’ஸா ‘ஃபார்’ஆ என்கிற குழப்பம். ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். இதே ஆட்கள் தமிழில் ஒருநாளும் தப்பு செய்வதில்லை. ‘மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறேன்’ என்போம், ‘2019இலிருந்து வேலை செய்கிறேன்’ என்போம். ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’, ‘இலிருந்து’ வந்தால் ‘சின்ஸ்’. ‘ஆக’ கால அளவைச் சொல்கிறது, ‘இலிருந்து’ தொடங்கிய புள்ளியைச் சொல்கிறது. ஆங்கிலமும் அதே இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறது.

இரண்டாவது, ‘பை’யா ‘அன்டில்’லா. ‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்’ என்றால் ‘பை ஃப்ரைடே’. ‘வெள்ளிக்கிழமை வரை இங்கே இருப்பேன்’ என்றால் ‘அன்டில் ஃப்ரைடே’. ‘க்குள்’ என்றால் அதற்கு முன் ஏதாவது ஒரு நேரத்தில் வேலை முடிந்துவிடும், ‘வரை’ என்றால் அதுவரைக்கும் தொடர்ந்து நடந்துகொண்டே இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. ‘க்குள்’ என்பதற்கு முன்னால் கிழமையோ மணியோ தேதியோ வந்தால் ‘பை’. பத்து நாள், இரண்டு மணி நேரம் என்று அளவு வந்தால் ‘விதின்’. இந்த இடத்தில் நான் ஒரு தடவை நன்றாக அடிபட்டிருக்கிறேன். பத்து நாளைக்குள் வரைவை அனுப்புகிறேன் என்று சொல்ல நினைத்து ‘இன் டென் டேஸ்’ என்று எழுதிவிட்டேன். ஆறாவது நாளே அனுப்பியும் விட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் ‘இன் டென் டேஸ்’ என்பதைப் பத்து நாள் கழித்து என்றுதான் புரிந்துகொண்டார், அது வழக்கமான பொருளும்கூட. பத்தாவது நாளுக்குத்தான் நேரம் ஒதுக்கி வைத்திருந்தார், நான் அனுப்பியது அதுவரை திறக்கப்படாமலே கிடந்தது. நான் அவசரப்பட்டு முடித்த நான்கு நாளும் வீண். இலக்கணப்படி என் வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை, அதனால் எந்தத் திருத்தும் மென்பொருளும் அதன் கீழே கோடு போட்டிருக்காது. ‘க்குள்’ என்று தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்த்திருந்தால் ‘விதின்’ தானாக வந்திருக்கும்.

சரி, அடுத்தது விதி வழி. நேரத்துக்கும் இடத்துக்கும் இதை நம்பலாம். நேரத்தில், புள்ளி மாதிரியான நேரத்துக்கு ‘அட்’, நாளுக்கும் தேதிக்கும் ‘ஆன்’, அதைவிடப் பெரிய மாதம், வருடம், நூற்றாண்டு எல்லாவற்றுக்கும் ‘இன்’. ‘அட் ஃபைவ்’, ‘ஆன் மன்டே’, ‘இன் ஜூன்’, ‘இன் 2019’. காலை, மாலைக்கு ‘இன் த மார்னிங்’, ‘இன் த ஈவினிங்’, ஆனால் இரவுக்கு ‘அட் நைட்’. திங்கட்கிழமை காலை என்று கிழமையும் சேர்ந்துவிட்டால் கிழமை ஜெயித்துவிடும், ‘ஆன் மன்டே மார்னிங்’. அப்புறம், ‘நெக்ஸ்ட்’, ‘லாஸ்ட்’, ‘திஸ்’, ‘எவ்ரி’ இந்த நான்கில் ஒன்று முன்னால் வந்தால் எதுவுமே போடக்கூடாது. ‘ஆன் நெக்ஸ்ட் மன்டே’ என்று எழுதுவது நம்மிடையே ரொம்பவே பரவிய பிழை. ‘நெக்ஸ்ட் மன்டே’ மட்டும் போதும்.

இடத்துக்கும் கிட்டத்தட்ட இதே படம்தான். ஒரு புள்ளியாகப் பார்த்தால் ‘அட்’, ஒரு பரப்பாகவோ கோடாகவோ பார்த்தால் ‘ஆன்’, சுற்றிலும் எல்லை உள்ளதாகப் பார்த்தால் ‘இன்’. பார்க்கிறவர் எப்படிப் பார்க்கிறார் என்பதுதான் இங்கே கணக்கு. ‘கார்னர்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். அறையின் மூலையில் நாற்காலி இருந்தால் ‘இன் த கார்னர்’, ஏனென்றால் இரண்டு சுவர் அதை அணைத்துக்கொண்டிருக்கிறது. தெருமுனையில் சந்திக்கலாம் என்றால் ‘அட் த கார்னர்’ அல்லது ‘ஆன் த கார்னர்’, ஏனென்றால் அங்கே நாம் வெளியே நிற்கிறோம். வண்டி விஷயத்தில் ஒரு நல்ல குறிப்பு உண்டு: உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கு ‘ஆன்’, உட்கார மட்டும் முடிகிற வண்டிக்கு ‘இன்’. அதனால் ‘ஆன் த பஸ்’, ‘ஆன் த ட்ரெயின்’, ‘ஆன் த ப்ளேன்’, ஆனால் ‘இன் த கார்’, ‘இன் எ டாக்ஸி’. சைக்கிள், பைக், குதிரை எல்லாம் மேலே உட்காருவது, ஆகவே ‘ஆன்’. எதில் பயணம் என்று பொதுவாகச் சொல்லும்போது ‘பை கார்’. என்னுடைய காரில் என்று குறிப்பாகச் சொன்னால் ‘பை மை கார்’ ஆகாது, ‘இன் மை கார்’தான்.

விதி வழியின் எல்லை இத்தோடு முடிந்துவிடுகிறது. நேரமும் இடமும் தாண்டி ‘டிபென்ட்’, ‘இன்ட்ரஸ்டட்’, ‘ரெஸ்பான்சிபிள்’ மாதிரியான சொற்களுக்கு வந்தால் விதியிடம் பதில் கிடையாது. ‘டிபென்ட்’ ஏன் ‘ஆன்’னோடு சேர்கிறது என்று கேட்டால், வேர்ச்சொல்லைத் தோண்டி ஏதாவது விளக்கம் சொல்லலாம், ஆனால் எழுதும் நேரத்தில் அந்த விளக்கம் கைக்கு வராது. நான் பள்ளியில் படித்த காலத்தில் ப்ரெபொசிஷன் என்று தனிப் பாடம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து பயன்பாடு எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ‘டு’ என்ற தலைப்பின் கீழே ஒரு பட்டியல், ‘ஃபார்’ என்ற தலைப்பின் கீழே இன்னொரு பட்டியல். அது தலைகீழான வரிசை என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். எழுதும்போது நமக்கு முதலில் தெரிவது வினைச்சொல், அதற்கு எது சேரும் என்பதுதான் கேள்வி. பட்டியலும் அந்தத் திசையில்தான் இருக்க வேண்டும்.

அதுதான் மூன்றாவது வழி: பக்கத்துச் சொல்லைப் பார்ப்பது. என் ஓட்டு இதற்குத்தான். ‘டிபென்ட்’ என்று ஒரு சொல்லைப் படிக்காமல் ‘டிபென்ட் ஆன்’ என்று ஒரே சொல்லாகப் படித்துவிடுவது. ‘மேரீட்’ என்று படிக்காமல் ‘மேரீட் டு’ என்று படிப்பது. நம் தமிழில் ‘உடன்’ வருவதால் ‘மேரீட் வித்’ என்று எழுதத் தோன்றும், சேர்த்துப் படித்தவருக்கு அது தோன்றவே தோன்றாது.

இதில் நம்மவர்கள் அதிகம் சறுக்குவது, ப்ரெபொசிஷனே தேவைப்படாத வினைச்சொற்களில்தான். ‘லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் திஸ்’, ‘ஹி என்டர்ட் இன்டு த ரூம்’, ‘வீ ரீச்ட் டு த ஆஃபிஸ்’, ‘ஐ ரிக்வெஸ்டட் ஃபார் லீவ்’, ‘ஷி எம்ஃபசைஸ்ட் ஆன் குவாலிட்டி’. எல்லாமே நடுவில் உள்ளதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்: ‘டிஸ்கஸ் திஸ்’, ‘என்டர்ட் த ரூம்’, ‘ரீச்ட் த ஆஃபிஸ்’, ‘ரிக்வெஸ்டட் லீவ்’, ‘எம்ஃபசைஸ்ட் குவாலிட்டி’. இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று கவனித்துப் பார்த்தால் ஒரு அழகான காரணம் தெரியும். இந்த ஒவ்வொரு வினைக்கும் ஒரு பெயர்ச்சொல் வடிவம் இருக்கிறது, அல்லது அதே பொருளில் இன்னொரு வினை இருக்கிறது, அதற்கு ப்ரெபொசிஷன் உண்டு. ‘எ டிஸ்கஷன் அபவுட் த ப்ளான்’ சரி. ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி. ‘அன் எம்ஃபசிஸ் ஆன் குவாலிட்டி’ சரி. ‘டாக் அபவுட்’ சரி, ‘கோ இன்டு’ சரி, ‘கெட் டு’ சரி. அந்தப் பழக்கம் வினைக்கும் ஒழுகி வந்துவிடுகிறது. அதாவது நம் காது தப்பாகக் கேட்கவில்லை, பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் கேட்டுவிடுகிறது. இது தெரிந்த பிறகு எனக்கு ஒரு சோதனை வசதியாகிவிட்டது: ‘டிமான்ட்’, ‘ஆர்டர்’, ‘ரிக்வெஸ்ட்’ மாதிரிச் சொல் வந்தால், முன்னால் ‘எ’ அல்லது, எங்கள் என்று பொருள் தரும் ஆங்கில ‘அவர்’ போட முடிகிறதா என்று பார்ப்பேன். போட முடிந்தால் பெயர்ச்சொல், ‘ஃபார்’ வேண்டும். ‘வீ ஆர்டர்ட் டென் சேர்ஸ்’, ஆனால் ‘அவர் ஆர்டர் ஃபார் டென் சேர்ஸ்’.

சில சொற்களைக் குடும்பமாகவே பிடித்துவிடலாம். ‘ஸீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’, ‘ப்ரையர்’ இவையெல்லாம் லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள், ‘விட’ என்று பொருள் தரும் ஆங்கிலத்தின் ‘தேன்’ இவற்றோடு சேராது, ‘டு’தான் சேரும். ‘ஷி இஸ் ஸீனியர் டு மீ’. ‘ப்ரிஃபர்’ என்ற வினையும் அப்படியே: ‘ஐ ப்ரிஃபர் ரீடிங் டு வாட்ச்சிங்’.

‘டு’ என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மெயிலின் கடைசி வரியில் தினமும் பார்க்கிற பிழை. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’. இங்கே ‘மீட்டிங் யூ’ என்று வரவேண்டும். இந்த ‘டு’ வினைக்கு முன்னால் வருகிற ‘டு’ கிடையாது, இது ப்ரெபொசிஷன். சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு ‘யுவர் ரிப்ளை’ என்று ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ பொருந்துகிறது அல்லவா, அப்போது வினை வந்தாலும் ‘இங்’ சேர்த்துத்தான் வரும்.

இந்த வழியில் படிக்கிறபோது கிடைக்கிற பெரிய லாபம், ஒரே சொல் இரண்டு மூன்று ப்ரெபொசிஷனோடு சேர்ந்து வெவ்வேறு பொருள் தருகிற இடங்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பது. அங்கே தப்பு சரி என்ற பேச்சே இல்லை, என்ன சொல்ல வருகிறோம் என்பதுதான். ‘த்ரோ த பால் டு ஹிம்’ என்றால் அவர் பிடிப்பதற்காகப் போடுகிறோம், ‘த்ரோ த பால் அட் ஹிம்’ என்றால் அவர் மேல் எறிகிறோம். ‘ஷவுட் டு’ என்றால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி கூப்பிடுவது, ‘ஷவுட் அட்’ என்றால் கத்தித் திட்டுவது. ‘அட்’ வந்தாலே எதிரில் இருப்பவர் குறியாகிவிடுகிறார், ‘லாஃப் அட்’ என்பதிலும் அதே சூடு இருக்கிறது. ‘அக்ரீ’யைப் பாருங்கள். ஒருவர் கருத்தோடு ஒத்துப்போனால் ‘அக்ரீ வித்’. அவர் முன்வைத்த நிபந்தனைக்குச் சம்மதித்தால் ‘அக்ரீ டு’. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒரு தேதியை முடிவு செய்தால் ‘அக்ரீ ஆன்’. ‘ஐ அக்ரீ வித் யுவர் டெர்ம்ஸ்’ என்று எழுதினால் உங்கள் நிபந்தனை நியாயம்தான் என்று மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, கட்டுப்படுகிறேன் என்று சொல்ல ‘அக்ரீ டு’ வேண்டும். ஒப்பந்த விஷயம் எழுதுகிறவர்கள் இதை அசட்டையாக விடக்கூடாது.

‘ஆன் டைம்’ என்றால் குறித்த நேரத்துக்கு, ‘இன் டைம்’ என்றால் தாமதமாகிப் போவதற்கு முன்னால். ‘அட் த எண்ட்’ என்றால் ஒன்றின் முடிவுப் பகுதியில், ‘இன் த எண்ட்’ என்றால் கடைசியில் இப்படித்தான் ஆயிற்று என்பது போல. மரத்தால் செய்த மேசை ‘மேட் ஆஃப் வுட்’, ஏனென்றால் மரம் மரமாகவே தெரிகிறது. காகிதம் ‘மேட் ஃப்ரம் வுட்’, மரம் உருமாறிப் போய்விட்டது. ‘கன்சர்ன்ட் அபவுட்’ கவலை, ‘கன்சர்ன்ட் வித்’ தொடர்பு. தமிழிலிருந்து மொழிபெயர்த்தாலும், விதியை ஒப்பித்தாலும் இந்த நுணுக்கம் கிடைக்காது.

இந்த வழியின் குறை, உடனே பலன் தராது. சேர்த்து சேர்த்துப் பழக மாதக்கணக்கில் ஆகும், நிறையப் படிக்கவும் வேண்டும். நாளைக்கே ஒரு தேர்வு, இன்றைக்கே ஒரு விண்ணப்பம் என்றால் இதை மட்டும் நம்பி உட்கார முடியாது.

அங்கேதான் நான்காவது வழி, தேடிப் பார்ப்பது. கற்போருக்கென்றே தயாரிக்கப்பட்ட ஆங்கில அகராதிகள் இதற்கு அருமையானவை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்பவர் சக ஆசிரியர்களோடு சேர்ந்து தொகுத்த அகராதி 1942இல் அங்கே அச்சானது. ஒரு வினை எந்த அமைப்பில் வாக்கியத்தில் உட்காரும் என்பதைக் கற்பவருக்காகவே காட்டியது அது. அந்த வழியில் வந்த இன்றைய அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பொருளை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். தடித்த எழுத்தில் சொல்லோடு சேர்த்துப் போட்டிருக்கிற ப்ரெபொசிஷனையும் கீழே உள்ள உதாரண வாக்கியங்களையும் பாருங்கள், நமக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

இரண்டில் எது அதிகம் புழங்குகிறது என்று பார்க்க கூகுள் என்கிராம் வியூவர் 2010இலிருந்து இருக்கிறது. இரண்டு தொடர்களையும் நடுவில் காற்புள்ளி போட்டுக் கொடுத்தால், அச்சான புத்தகங்களில் எந்த வருடம் எது எவ்வளவு வந்திருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும். பிரிட்டிஷ், அமெரிக்கன் என்று பிரித்தும் பார்க்கலாம். ‘அட் த வீக்கெண்ட்’ பிரிட்டனில், ‘ஆன் த வீக்கெண்ட்’ அமெரிக்காவில் என்பது மாதிரியான சண்டைகளை இது இரண்டு நிமிடத்தில் தீர்த்து வைக்கும். ‘டிஃபரன்ட்’டோடு ‘டு’வும் வரும், ‘தேன்’னும் வரும், முன்னது பிரிட்டனில், பின்னது அமெரிக்காவில் அதிகம், ‘டிஃபரன்ட் ஃப்ரம்’ என்று எழுதிவிட்டால் எங்கேயும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாதாரணத் தேடலில் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, எத்தனை லட்சம் முடிவு என்று பார்த்து முடிவு செய்வதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று தேடினாலும் முடிவுகள் கொட்டத்தான் செய்யும், எழுதியவர் யார் என்பதுதான் முக்கியம்.

திருத்தும் மென்பொருள்கள் ‘டிஸ்கஸ் அபவுட்’டைப் பிடித்துவிடும், ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ஸையும் பெரும்பாலும் பிடிக்கும். ஆனால் ‘இன் டென் டேஸ்’, ‘அக்ரீ வித்’ மாதிரி இரண்டுமே இலக்கணப்படி சரியாக இருக்கிற இடத்தில், நாம் மனதில் நினைத்தது என்ன என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொறுப்பு எழுதுகிறவருடையது.

இன்றைக்கு என்னிடம் ஒருவர் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். கை நிற்கிற இடத்தில் முதலில், அது நேரமா இடமா என்று பாருங்கள். ஆமாம் என்றால் விதி போதும், அதிலும் ‘வரை’, ‘க்குள்’, ‘ஆக’, ‘இலிருந்து’ என்று தமிழில் வந்தால் தமிழையே நம்புங்கள். இல்லை என்றால் தமிழை அங்கேயே நிறுத்திவிட்டு, முன்னால் நிற்கிற வினையையோ பெயரையோ அகராதியில் திறந்துவிடுங்கள். திறந்ததை வீணாக்காமல், ஒரு நோட்டில் முழு வாக்கியமாக எழுதி வையுங்கள். ‘அப்ளை’ என்று தனியாக எழுதாதீர்கள். ‘ஐ அப்ளைட் டு த கம்பெனி ஃபார் த ஜாப்’ என்று எழுதினால், நிறுவனத்துக்கு ‘டு’, வேலைக்கு ‘ஃபார்’ இரண்டும் ஒரே வரியில் வந்துவிடும். ‘ஷி கம்ப்ளெயின்ட் டு த மேனேஜர் அபவுட் த நாய்ஸ்’, இதிலும் யாரிடம், எதைப் பற்றி என்று இரண்டும் இருக்கிறது. இந்த மாதிரி ஒரு நாளைக்கு ஒரே ஒரு வரி, சத்தமாக இரண்டு தடவை வாசித்துவிட்டு மூடி வைத்தால் போதும்.